கடையிலேயே குறையட்டும் உப்பு

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் சாலையில் வந்தவர்களுக்கு எங்கள் பகுதி தெரிந்திருக்கும். இரண்டு பக்கமும் பாத்திகள், வரப்போரம் ஓலை வேய்ந்து மூடிய உப்பு அம்பாரங்கள். அந்தப் பக்கத்து ஊர் ஒன்றில் அரசு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவராக இருக்கிறேன். காலையில் நான் வருவதற்கு முன்பே வாசலில் கூட்டம் கூடிவிடும். காய்ச்சல், இருமல் என்று வருகிறவர்களைவிட, ஒரு சின்ன நோட்டைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு "பிரஷர் மாத்திரை", "சுகர் மாத்திரை" என்று நிற்பவர்கள்தான் அதிகம்.

ஒரு நாள் முதல் தடவையாக வந்த ஒரு அம்மாவுக்கு ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். மகளுக்குத் துணையாக வந்தவர். சும்மா இருக்கிறாரே என்று நர்ஸ் அவர் கையிலும் பட்டையைச் சுற்றிப் பார்த்தார். மேல் அளவு 170, கீழ் அளவு 104. சற்று உட்காரவைத்துத் திரும்பப் பார்த்தபோதும் கிட்டத்தட்ட அதேதான். "பிரஷர் இருந்தா தலை சுத்தணும்லா டாக்டரம்மா? எனக்கு ஒண்ணுமே செய்யலியே" என்றார்.

ஒன்றுமே செய்யாது என்பதுதான் இந்த நோயின் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் கூடினால் உடல் அதற்கேற்பத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஓடும் ரத்தத்தின் அளவு கூடும், ரத்தக் குழாய்ச் சுவரில் அழுத்தம் ஏறும். சிறுநீரகம் அதிகப்படி உப்பை வெளியே தள்ளப் பார்க்கும். வருடக்கணக்கில் இப்படியே போனால் குழாய்களின் சுவர் தடித்து விறைக்கும், இதயம் பெருக்கும், சிறுநீரகம் தளரும். மூளைக்குப் போகிற ஒரு குழாய் அடைத்தோ வெடித்தோ ஒரு பக்கம் கை கால் விழும் நாளில்தான் வீட்டாருக்கு விஷயமே தெரியவரும். உப்பு ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன். வயது, எடை, புகையிலை, மது, பரம்பரை எல்லாம் சேர்ந்துதான் இதைச் செய்கின்றன. ஆனால் இவற்றில் ஊர் முழுக்க எல்லார் தட்டிலும் ஒரே சமயத்தில் குறைக்கக்கூடியது உப்பு.

அந்த அம்மாவிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டேன்: வீட்டில் எத்தனை பேர், மாதம் எத்தனை பாக்கெட் உப்பு?

"நாலு பேரு. ஒரு கிலோ பாக்கெட் ஒண்ணுதான். அதுவும் சிக்கனமாத்தான் போடுதேன்."

ஆயிரம் கிராமை முப்பது நாளுக்கும் நாலு பேருக்கும் பிரித்தால் தலைக்கு நாளொன்றுக்கு எட்டு கிராமுக்கு மேல் வருகிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு ஐந்து கிராமுக்குள், அதாவது தலை தட்டிய ஒரு சின்ன ஸ்பூன். சிறுநீரில் வெளியேறும் சோடியத்தைக் கொண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) செய்த கணக்கெடுப்பிலும் இந்தியர்களின் சராசரி எட்டு கிராம் என்றே வந்திருக்கிறது. ஆண்களுக்கு 8.9, பெண்களுக்கு 7.1. ஆக, அந்த அம்மா சொன்னது பொய்யில்லை. அவர் சிக்கனமாகத்தான் போடுகிறார். நாம் எல்லாரும் சிக்கனம் என்று நினைப்பதே ஒன்றரை மடங்குக்கு மேல் இருக்கிறது. வீட்டுப் பாக்கெட்டில் அடங்காத கருவாடு, அப்பளம், மோர் மிளகாய், கடை ஊறுகாய், மிக்சர், பேக்கரி பப்ஸ் எல்லாம் இதற்கு மேல்.

உப்பைக் குறைக்கச் சொன்னேன். "கொறச்சா அவுக சோத்துல கைய வைக்க மாட்டாக" என்றார். மாமியாருக்கும் ருசி தெரிய வேண்டும், பையன் வெளியில் போய்த் தின்றுவிட்டு வருவான். நோட்டில் "உப்பு குறைக்கவும்" என்று எழுதி மாத்திரையும் கொடுத்து அனுப்பினேன். நாள் முழுக்க எல்லார் நோட்டிலும் எழுதுகிற வரி அது. அதை எழுதுவது என் கடமை, விடமாட்டேன். ஆனால் ஒரு வீட்டில் மற்ற எல்லார் நாக்கையும் எதிர்த்து ஒரு பெண் தனியாகப் போராடட்டும் என்று விட்டுவிடுவதற்குப் பெயர் நோய்த்தடுப்பு ஆகாது. அந்தப் பாரத்தை அவள் தலையில் மட்டும் ஏற்றாமல், உப்பு அவள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே குறைய வழி செய்ய வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது அதுதான்.

தமிழ்நாட்டில் இந்த நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதற்கு 2020-இல் மாநில அளவில் நடந்த ஆய்வு ஒன்று உண்டு. வயது வந்தவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம். அவர்களில் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவீதம்தான். இந்தக் கணக்கை மனதில் வைத்துத்தான் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்த தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் அளவு பார்க்கிறார்கள், மாத்திரையை வீட்டிலேயே கொடுக்கிறார்கள். 2024-இல் இத்திட்டத்துக்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது. எங்கள் ஊரில் அந்தப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வெயிலில் நடக்கிற பெண்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. மாத்திரையை நிறுத்திவிட்டவர் யார், மகன் வீட்டுக்குப் போய்விட்டவர் யார் என்று என்னைவிட அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் மாத்திரை நோய் வந்த பிறகு வருவது. இன்று முப்பது வயதில் இருக்கிற ஒருவர் ஐம்பது வயதில் அந்தப் பட்டியலில் சேராமலிருக்க என்ன செய்தோம் என்பது வேறு கேள்வி.

இந்தக் கேள்வியை ஒரு நாடு நேருக்கு நேர் சந்தித்தது. பின்லாந்தின் கிழக்குக் கோடியில், ரஷ்ய எல்லையோரம் வட கரேலியா என்றொரு மாகாணம். காடு, ஏரி, மாட்டுப் பண்ணைகள். ஆண்கள் மரம் வெட்டும் உரமேறிய உழைப்பாளிகள். 1960-களில் உலகிலேயே மிக அதிகமாக மாரடைப்பில் செத்துக்கொண்டிருந்தவர்களும் அவர்கள்தான். நாற்பதைத் தாண்டியவர்கள் காட்டு வேலைக்குப் போன இடத்தில் விழுந்து சாவது சாதாரணமாகிவிட்டது. 1971-இல் மாகாண ஆளுநரும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் ஊர்ச் சங்கங்களும் சேர்ந்து அரசுக்கு ஒரு மனுக் கொடுத்தார்கள். மறு ஆண்டு திட்டம் தொடங்கியது. பொறுப்பேற்ற பெக்கா புஸ்காவுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை.

அந்த இளைஞர் ஆஸ்பத்திரி கட்டப் போகவில்லை. காரணம் எங்கே இருக்கிறது என்று பார்த்தார். ரொட்டியில் தடிமனாக வெண்ணெய், கொழுப்பு நீக்காத பால், பன்றிக் கொழுப்பு அடைத்த சாசேஜ், எல்லாவற்றிலும் உப்பு, வாயில் சிகரெட். பிரசுரம் அடித்துக் கொடுத்தால் மட்டும் போதாது என்று சீக்கிரமே அவருக்குப் புரிந்தது. 'மார்த்தா' என்ற இல்லத்தரசிகள் சங்கத்தோடு சேர்ந்து ஊர் ஊராக விருந்து வைத்தார்கள். பழகிய பதார்த்தங்களையே கொழுப்பும் உப்பும் குறைத்துக் காய்கறி கூட்டிச் சமைத்து, பேசிக்கொண்டே சாப்பிட வைத்தார்கள். சாசேஜ் தயாரிப்பவரிடம் பேசிக் கொழுப்பில் ஒரு பகுதிக்குப் பதிலாக உள்ளூர்க் காளானைச் சேர்க்கச் செய்தார்கள். பால் மாடுகளை நம்பியிருந்த விவசாயிகள் எதிர்த்தார்கள். அவர்கள் பிழைப்பும் நடக்க வேண்டுமே என்று, அந்தக் குளிர் மண்ணில் விளையும் பெர்ரிப் பழச் சாகுபடிக்கு ஆதரவு கிடைக்கச் செய்தார்கள். வெண்ணெய்க்குப் பதிலாக உள்நாட்டில் விளைந்த ஒரு வகைக் கடுகு எண்ணெய் சமையலறைக்கு வந்தது. 1976-இல் நாடு முழுவதற்கும் புகையிலைச் சட்டம். பிற்பாடு உப்பு அதிகமுள்ள பண்டத்தின் உறையில் 'உப்பு அதிகம்' என்று அச்சிட வேண்டும் என்ற விதியும் வந்தது.

சுமார் 35 ஆண்டுகளில், அந்த மாகாணத்தில் உழைக்கும் வயது ஆண்களின் இதய நோய்ச் சாவு 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. அந்தக் குறைவில் பெரும் பங்கு சிகிச்சையால் வரவில்லை. கொழுப்பும் ரத்த அழுத்தமும் புகையும் குறைந்ததால் வந்தது. அவர்கள் ஒவ்வொருவரும் பெரிய மன உறுதிக்காரர்களாக மாறிவிட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. கடையில் கிடைப்பது மாறியது, விருந்தில் பரிமாறுவது மாறியது, சட்டம் மாறியது. இவையெல்லாம் மாறியபோது மனிதர்களும் எளிதாக மாறினார்கள்.

நம்மூரிலும் இப்படி நடந்திருக்கிறது. நாற்பது வயது தாண்டியவர்களுக்கு டவுன் பஸ்ஸுக்குள் பீடிப் புகையில் மூச்சு முட்டியது நினைவிருக்கும். 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத்தில் புகைக்கத் தடை வந்தது. இன்று பஸ்ஸுக்குள் யாராவது பற்றவைத்தால் கண்டக்டர் கேட்பதற்கு முன்பே பக்கத்து இருக்கைக்காரர் கேட்டுவிடுவார். புகையிலை ஒழிந்துவிட்டதா என்றால் இல்லை. கூல் லிப் என்றும் ஹான்ஸ் என்றும் தடை செய்த பொட்டலங்கள் என் நோயாளிகளின் சட்டைப் பையில் இருக்கின்றன. இருந்தாலும் பஸ்ஸில் கிடைத்த வெற்றி உண்மையானது.

உப்பிலேயே இன்னும் பெரிய வெற்றி ஒன்று நம்மிடம் இருக்கிறது. இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் தொண்டையில் கழலை இல்லாத குடும்பம் அபூர்வம் என்றிருந்த காலம் அது. 1956-இல் டாக்டர் வி. ராமலிங்கசாமி குழுவினர் அங்கே ஒரு பகுதி மக்களுக்கு அயோடின் கலந்த உப்பும் இன்னொரு பகுதிக்குச் சாதா உப்பும் கிடைக்கச் செய்து வருடக்கணக்கில் கவனித்தார்கள். அயோடின் உப்பு போன இடத்தில் பள்ளிப் பிள்ளைகளின் கழலை மளமளவென்று குறைந்தது. 1962-இல் தேசியத் திட்டம் வந்தது. 2006-இலிருந்து நேரடியாகச் சாப்பிட விற்கும் உப்பில் அயோடின் கட்டாயம். "அயோடின் சத்தை நினைவில் வைத்துச் சமையுங்கள்" என்று எந்த அம்மாவையும் யாரும் கெஞ்சவில்லை. அவர் வழக்கம்போலப் பாக்கெட்டைக் கிழித்துப் போட்டார், பிள்ளைகள் தப்பித்தார்கள். இதே பாதையில் சோடியத்தையும் குறைக்கலாம் என்பதுதான் என் வாதம்.

வெளிநாடுகளில் இதை எப்படிச் செய்தார்கள்? இங்கிலாந்தில் ரொட்டி முதலிய பண்டங்களுக்கு அரசு இலக்கு வைத்து, ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் கொஞ்சமாக உப்பைக் குறைக்கச் சொன்னது. சில வாரங்களில் குறைந்த உப்புக்கு நாக்கு பழகிவிடும் என்பதால் வாங்குபவர்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை. சுமார் பத்து ஆண்டுகளில் தலைக்கு 9.5 கிராமிலிருந்து 8.1 கிராமுக்கு வந்தது. தென்னாப்பிரிக்கா இன்னும் ஒரு படி மேலே போய், 2016 முதல் ரொட்டி உள்ளிட்ட பண்டங்களில் இவ்வளவுதான் உப்பு இருக்கலாம் என்று சட்டமே போட்டுவிட்டது.

இதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் பாதிதான் பலிக்கும். அங்கே பெரும்பகுதி உப்பு கடைப் பண்டத்தில் ஒளிந்திருக்கிறது. நமக்கோ பெரும்பகுதி நம் அடுப்பில், நம் கையால் விழுகிறது. ஆகவே பாக்கெட் பண்டத்தோடு உப்புப் பாக்கெட்டையும் மாற்றியாக வேண்டும்.

அதற்கு வழி இருக்கிறது. சோடியம் குளோரைடில் கால் பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடு சேர்த்த உப்பைச் சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் சோதித்தார்கள். ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்கள், அல்லது அறுபது வயதோ அதற்கு மேலோ ஆன ரத்த அழுத்தக்காரர்கள். ஐந்து ஆண்டு முடிவு 2021-இல் வெளிவந்தது. பக்கவாதம் 14 சதவீதம் குறைவு, சாவு 12 சதவீதம் குறைவு. சமையல் அதே சமையல், கைப்பக்குவம் அதே கைப்பக்குவம். உப்பு ஜாடி மட்டும் வேறு.

நம் ஊரில் இந்த உப்பு கிடைக்கிறதா? ஐ.சி.எம்.ஆரின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் சென்னையில்தான் இருக்கிறது. அதன் ஆய்வாளர்கள் சென்னையில் 300 கடைகளில் விசாரித்தார்கள். 28 சதவீதக் கடைகளில்தான் சோடியம் குறைந்த உப்பு இருந்தது. சூப்பர் மார்க்கெட்டில் பாதிக்குப் பாதி, தெருமுனைச் சின்ன மளிகைக் கடைகளில் நூற்றுக்கு நாலு. விலையோ சாதா உப்பைப்போல இரண்டு மடங்கு. யாருக்கு அதிகம் தேவையோ அவர்கள் வாங்கும் கடையில் அது இல்லை, இருந்தாலும் கட்டுப்படியாகாது.

எனக்கு ஆதங்கம் எங்கே என்றால், இதற்கான ஏற்பாடு தமிழக அரசின் கையிலேயே இருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் உப்பளம் வைத்திருக்கும் தமிழ்நாடு உப்பு நிறுவனம் அரசுடையது. அது 2014-இல் 'அம்மா உப்பு' என்று மூன்று வகை கொண்டுவந்தபோது அதில் ஒன்று சோடியம் குறைந்த உப்பு, கிலோ 21 ரூபாய். அப்போது சாதா அயோடின் உப்பு 10 ரூபாய். செய்யத் தெரியும், செய்தும் பார்த்தாயிற்று. ஆனால் எங்கள் பகுதி ரேஷன் கடைகளில் நான் அதைக் கண்டதில்லை. விலை வித்தியாசத்தை அரசு ஏற்று அதை ஒவ்வொரு ரேஷன் கடையிலும் வைத்தால், சின்ன மளிகைக் கடையில் கிடைக்காத குறை ஒரே மாதத்தில் தீரும். ஒரு பக்கவாத நோயாளிக்கு அரசு ஆஸ்பத்திரியில் ஆகும் செலவையும், அவரைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்ட மகளின் கூலியையும் கூட்டிப் பார்ப்பவர்களுக்கு கிலோவுக்கு அந்த 11 ரூபாய் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

ஒரு எச்சரிக்கையை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பொட்டாசியம் உப்பு எல்லாருக்கும் ஒத்துவராது. சிறுநீரகம் பழுதானவர்கள் சாப்பிட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறிவிடும். எனலாப்ரில் போன்ற சில பிரஷர் மாத்திரைகளும் பொட்டாசியத்தைத் தேக்குபவை. ஆகையால் பாக்கெட்டின் முன்பக்கம் தெளிந்த தமிழில் எச்சரிக்கை இருக்க வேண்டும், பிரஷர், சுகர் உள்ளவர்களுக்கு முதலில் சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவை ரத்தத்தில் பார்த்துவிட வேண்டும். வீடு தேடி வரும் தன்னார்வலர்கள் இருக்கும் மாநிலத்தில் இது நடக்காத காரியமில்லை. இன்னொன்று, இந்துப்பும் கல் உப்பும் நல்லதா என்று என்னிடம் கேட்காதவர்கள் இல்லை. இரண்டிலும் இருப்பது பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். விலை கூடினால் சோடியம் குறைந்துவிடாது.

சிறுநீரகம் என்றதும் எனக்கு எங்கள் உப்பளத் தொழிலாளர்கள் ஞாபகம்தான் வரும். பாத்தியில் வெயில் மேலேயும் அடிக்கும், உப்பில் பட்டுக் கீழேயிருந்தும் அடிக்கும். பெண்கள் தண்ணீர் குடிக்கவே யோசிப்பார்கள், ஒதுங்க இடம் கிடையாது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் இந்தத் தொழிலாளர்களின் வெப்பப் பாதிப்பையும் சிறுநீரகச் செயல்பாட்டையும் அளந்து எழுதியிருக்கிறார்கள். நாள் முழுக்க வியர்வை கொட்டுபவரிடம் ஏ.சி. அறையில் இருப்பவருக்குச் சொல்வதுபோல உப்பைப் பற்றிப் பேச முடியாது. அவருக்கு முதலில் நிழல் வேண்டும், குடிநீர் வேண்டும், பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும். அது தொழிலாளர் துறை விவகாரம் என்பார்கள். என் பார்வையில் அது சிறுநீரக நோய்த் தடுப்பு.

பாக்கெட் பண்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. உறையின் பின்பக்கம் பொடி எழுத்தில் சோடியம் இத்தனை மில்லிகிராம் என்று இருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. சிப்ஸ் வாங்கும் பிள்ளை இந்தக் கணக்கைப் போடுமா? சிலி நாட்டில் 2016 முதல் உறையின் முன்பக்கமே கறுப்பு எண்கோண முத்திரை: 'சோடியம் அதிகம்', 'சர்க்கரை அதிகம்'. படிக்கத் தெரியாத பாட்டிக்கும் புரியும். இந்தியாவில் 2022-இல் நட்சத்திரம் கொடுக்கும் முறைக்கு வரைவு வந்தது. பழமோ பருப்போ கொஞ்சம் சேர்த்துவிட்டால் உப்புப் பண்டத்துக்கும் நட்சத்திரம் கூடிவிடும் என்பதால் நான் அதற்கு எதிர்ப்பு. விஷயம் நீதிமன்றம் போய், 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மூன்று மாதக் கெடு விதிக்கும் அளவுக்கு இழுத்தது. எச்சரிக்கை முத்திரைதான் வேண்டும், நட்சத்திரம் வேண்டாம்.

அரசே சமைக்கும் அடுப்புகளை மாற்றுவதற்கு யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. சத்துணவு 1982-இலிருந்து நடக்கிறது. 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. இவற்றோடு அங்கன்வாடி, மாணவர் விடுதி, ஆஸ்பத்திரிச் சமையல் கூடம் எல்லாம் சேர்த்தால் தினம் எத்தனை லட்சம் நாக்குகள்! குழந்தை எந்த உப்புக்குப் பழகுகிறதோ அதைத்தான் பெரியவளாகித் தன் வீட்டுக் குழம்பிலும் போடுவாள். எங்கள் பக்கத்துப் பள்ளியில் காலை உப்புமா, பொங்கல் செய்யும் சுய உதவிக் குழுப் பெண்களிடம் ரவை எவ்வளவு, பருப்பு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு என்று கேட்டால் கிராம் கணக்கில் மடமடவென்று ஒப்பிக்கிறார்கள். உப்பு எவ்வளவு என்றதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அது கை அளவுதான் டாக்டரம்மா" என்றார் மூத்தவர். அளவு ஸ்பூன் ஒன்று கொடுத்து இத்தனை பிள்ளைக்கு இத்தனை ஸ்பூன் என்று எழுதிப் போட்டால் செய்வீர்களா என்று கேட்டேன். "மேலேருந்து பேப்பர் வரட்டும். வந்தா நாளைக்கே அளந்து போடுதோம்" என்றார். மாவட்ட நிர்வாகத்துக்கு எழுதியிருக்கிறேன். அடுத்த கிராம சபையில் தீர்மானமாகவும் வைக்கச் சொல்லி ஊராட்சியில் பேசியிருக்கிறேன். வாசகர்கள் ஊரிலும் கிராம சபை கூடும். பள்ளிச் சமையலில் உப்புக்கு அளவு என்ன, ரேஷன் கடைக்குச் சோடியம் குறைந்த உப்பு எப்போது வரும் என்று இரண்டு கேள்வி கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.